ஐந்தே பந்தயத்தோடு ஓய்வு பெற்ற ரேஸ் குதிரையைப் பொலிக்கு வாங்கலாமா?

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் ஊர். குதிரை வண்டிப் பந்தயத்துக்காக இரண்டு பெட்டைக் குதிரைகள் வைத்திருக்கிறேன். ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற நான்கு வயது ஆண் குதிரை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஐந்து பந்தயம் ஓடி இரண்டில் ஜெயித்ததாம். "முன்னங்கால் நரம்பு லேசாக இழுத்துக்கொண்டதால் நிறுத்திவிட்டார்கள், பொலிக்கு அதனால் ஒன்றும் இல்லை, வம்சம் பெரிய வம்சம்" என்கிறார் புரோக்கர். என் பெட்டைகளோடு இணைசேர்த்துக் குட்டி எடுக்க, அதாவது பொலிக்கு, வாங்கலாமா?

பதில்: அந்த வம்சம் வேகத்தைத் தரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது வருடக்கணக்கில் தார்ச்சாலையில் வண்டி இழுத்துத் தாங்குகிற கால். ஐந்து பந்தயம் ஓடிய குதிரையை வைத்து அதைச் சொல்ல முடியாது. அதன் கால் இன்னும் சோதிக்கப்படவே இல்லை.

இவ்வளவு சீக்கிரம் ஏன் நிறுத்துகிறார்கள்? பெரும்பாலும் பணம். அமெரிக்காவில் ஃபிளைட்லைன் என்ற குதிரை மொத்தமே ஆறு பந்தயம்தான் ஓடியது, ஆறிலும் வெற்றி. பரிசாகச் சம்பாதித்தது சுமார் 45 லட்சம் டாலர். 2022இல் நான்கு வயதில் ஓய்வு கொடுத்ததும், அதன் பொலி உரிமையில் வெறும் 2.5 சதவீதப் பங்கு 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கணக்கைப் பார்க்கிற முதலாளி அதை இன்னொரு வருடம் ஓடவிட்டுக் காலை முறித்துக்கொள்ள ஏன் துணிவார்? 2018இல் 'டிரிபிள் கிரவுன்' எனப்படும் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற ஜஸ்டிஃபை என்ற குதிரையும் ஆறு பந்தயத்தோடு, மூன்று வயதிலேயே பொலிக்குப் போய்விட்டது. ஆனால் 1930களில் புகழ்பெற்ற சீபிஸ்கட் என்ற குதிரை 89 பந்தயம் ஓடியது.

அமெரிக்காவில் 1960 வாக்கில் ஒரு ரேஸ் குதிரை வருடத்துக்குச் சராசரியாகப் பதினொரு பந்தயம் ஓடியது. இப்போது ஆறை ஒட்டித்தான் ஓடுகிறது. முழுப் பழியையும் ரத்தத்தின் மேல் போட முடியாது. பயிற்சி முறை, மருந்து, இடைவெளி விட்டு ஓட்டும் பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் கால் தாங்குமா என்று தெரிவதற்கு முன்பே குதிரை பொலிக்குப் போனால், பலவீனம் இருந்தாலும் அது சல்லடையில் நிற்காமல் அடுத்த தலைமுறைக்கு இறங்கிவிடும். போதாததற்குச் சில குட்டிகளுக்குச் சின்ன வயதிலேயே கோணல் காலை அறுவை செய்து நேராக்கி விற்கிறார்கள். கால் நேராகிவிடும், ரத்தத்தில் இருப்பது மாறாது.

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவர் நரம்பு என்று சொல்வது தசைநாரை. தசைநார் காயம் எல்லாமே பிறவிக் குறை அல்ல, ஓட்டத்தில் விபத்தாகவும் வரும். நார்தர்ன் டான்ஸர் என்ற பழைய ரேஸ் குதிரை தசைநார்க் காயத்தால்தான் மூன்று வயதில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குள் 18 பந்தயம் ஓடி 14இல் ஜெயித்திருந்தது. பின்னால் அதன் வம்சம் உலகையே ஆண்டது. அதனால் காயம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளச் சொல்லமாட்டேன். அது எதனால் வந்தது என்று பார்க்கத்தான் சொல்கிறேன்.

முதலில் குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டையும் மைக்ரோசிப் எண்ணையும் ஒப்பிடுங்கள். குதிரை மாறிப்போன கதையெல்லாம் உண்டு. அப்புறம் ஓடிய தேதிகளைக் கேளுங்கள். ஐந்து பந்தயமும் நான்கைந்து மாதத்துக்குள் முடிந்திருந்தால் காயம் திடீரென வந்ததாக இருக்கலாம். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே எட்டு மாதம், பத்து மாதம் இடைவெளி இருந்தால் கால் முன்பே தொல்லை கொடுத்திருக்கலாம். தாய்க் குதிரை எத்தனை பந்தயம் ஓடியது, கூடப்பிறந்தவை எத்தனை என்பதையும் விசாரியுங்கள். தகப்பன் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், தாயைப் பற்றிப் பேச்சே வராது.

நம் பக்கம் குதிரை வாங்கப் போனால் சுழி பார்ப்பதில்தான் பாதி நேரம் போகிறது. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே முன்னங்காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாரைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கணுவரை மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். எங்காவது தடிப்பு, சூடு, குதிரை காலை வெடுக்கென்று இழுப்பது இருந்தால் கவனியுங்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது கால் பின்புறம் வில்போல வளைந்து தெரிந்தால் அது பழைய காயம். அந்த இடம் தழும்பாக ஆறுமே தவிர பழைய மீள்தன்மை திரும்பாது. நல்ல காலையும் இதேபோல் தடவி ஒப்பிடுங்கள்.

பிறகு கெட்டியான சாலையில் கடிவாளத்தைத் தளர்த்திப் பிடித்துச் சின்ன ஓட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். மணலில் மட்டும் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் சில நொண்டல்கள் தெரியாமல் போகும். வலி மருந்து போட்டிருந்தாலும் மறையும், அதனால் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். வட்டமாக வேகமாக ஓடவிட்டு மூச்சைக் கேளுங்கள். உள்ளிழுக்கும்போது விசிலோ உறுமலோ கேட்டால் குரல்வளை நரம்புக் கோளாறாக இருக்கலாம். இது வம்சத்தில் இறங்கக்கூடியது. தாடைக்குக் கீழே இடப்பக்கத் தொண்டையில் தழும்பு இருந்தால் ஏற்கெனவே அறுவை நடந்திருக்கலாம்.

இந்தக் கரையில் குதிரை வளர்ப்பது ஒன்றும் புதிதல்ல. பாண்டியர் காலத்தில் வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கியது. நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் பாண்டிய நாட்டில் கால் கோணிய, ஏறி ஓட்டத் தகாத குட்டிதான் பிறக்கிறது என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வேகவைத்த அரிசியும் இறைச்சியும் போட்டதாகவும் அவரே சொல்கிறார். எனக்கு அந்தத் தீனி மேல்தான் சந்தேகம். சினைப் பெட்டைக்கும் குட்டிக்கும் தவிட்டை மட்டும் அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் ஏறிச் சுண்ணாம்புச் சத்துக் குறையும், எலும்பு கெடும். நம் மணல் தரையில் தீனியைக் கீழே கொட்டுவதும் ஆகாது. மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும், தொட்டியில் வையுங்கள்.

என் யோசனை இதுதான்: குதிரையை வாங்காதீர்கள். பரிசோதனையில் தேறினால் ஒரு பெட்டைக்கு மட்டும் பொலிக் கூலி பேசுங்கள். இன்னொன்றை, பல வருடம் சாலையில் ஓடி இன்னும் நொண்டாத உள்ளூர்க் குதிரைக்கோ நல்ல குளம்புள்ள கத்தியவாரி என்ற குஜராத் இனக் குதிரைக்கோ சேருங்கள். சினைக்காலமே பதினொரு மாதம், குட்டி வண்டியில் பூட்டும் வயதுக்கு வர இன்னும் மூன்று நான்கு வருடம். தப்பான குதிரைக்குச் சேர்த்தால் நஷ்டம் ஐந்து வருடம்.

வாங்கியே தீருவேன் என்றால் கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் லாரியில் ஏற்றாதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. கால்நடை மருந்தகத்தில் சொன்னால் மாதிரி எடுத்து அனுப்புவார்கள். முடிவு வரும்வரை அதை உங்கள் பெட்டைகள் நிற்கும் கொட்டகையில் கட்ட வேண்டாம், தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.