"அது வேறு விஷயம்"

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 33. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. என் ஆணுறுப்பு சிறியது என்று கல்லூரி விடுதியில் நண்பர்கள் கேலி செய்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஊசியால் ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில் நிரப்பும் பொருள், ஏற்றினால் பருமன் கூடும், அரை மணி நேர வேலை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓர் அழகு சிகிச்சை மையத்தில் சொன்னார்கள். பக்க விளைவு பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். முன்பணம் கட்டிவிட்டேன்.

மனைவி இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. மனத்துக்குள் என்ன நினைக்கிறாளோ? இப்போதெல்லாம் விறைப்பும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. சிறியது என்ற நினைப்புதான் காரணம். பல இரவுகள் அசதி என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிடுகிறேன். இரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை, மாத்திரை அட்டை அவள் கண்ணில் பட்டுவிடும் என்று இப்போது ஒழுங்காகப் போடுவதும் இல்லை. அது வேறு விஷயம். அவள் ஒன்றுமே சொல்லாததுதான் என்னைக் கொல்கிறது. இந்த ஊசி பாதுகாப்பானதா?

- பெயர் வேண்டாம்

தம்பி,

சர்க்கரையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் ஊசி. பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம் என்ற ஜெல்லைத்தான் ஏற்றுகிறார்கள். நாளடைவில் கரைந்துவிடும், மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கட்டி கட்டியாகத் திரளலாம், ஒரு பக்கமாக நகரலாம், சீழ் பிடிக்கலாம். அதையாவது வேறோர் ஊசியால் கரைக்க வழியுண்டு. சிலிக்கானோ பாரஃபினோ ஏற்றினால் பல ஆண்டுகள் கழித்தும் கல்லாக இறுகும். தோலோடு வெட்டி எடுத்து, உடலின் வேறு இடத்திலிருந்து தோலை எடுத்து ஒட்டியவர்கள் உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த உபயோகத்துக்கென்று எந்த ஃபில்லருக்கும் ஒப்புதல் தந்ததில்லை. இதைக் கேட்டதற்குச் சிரிக்கிறவர் கையில் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

2015இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பல நாடுகளின் அளவுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 15,521 ஆண்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. சிறியது என்று மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் இயல்பான அளவு உள்ளவர்களே.

விறைப்பு என்பது ரத்தம் பாய்ந்து தங்கி நிற்பது. கட்டுப்படாத சர்க்கரை அந்த ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் அரிக்கிறது. ஃபில்லரோ தோலுக்கு அடியில் சும்மா கிடக்கும். விறைப்புக்கு எள்ளளவும் உதவாது. போதாக்குறைக்கு, சர்க்கரை ஏறிய உடம்பில் ஊசி குத்திய இடம் எளிதில் சீழ் பிடிக்கும், ஆறவும் நாளாகும். உங்களைத் தளர வைப்பது விடுதிக் கேலி என்று நீங்கள் நம்புகிறீர்கள். நீங்கள் போடாமல் ஒளித்த மாத்திரை மேல்தான் என் சந்தேகம்.

நோயை மறைத்துப் பெண் எடுத்தது தவறு. அந்தத் தவறு இன்றைக்கும் ஒவ்வோர் இரவும் உங்களுக்கு நடுவில் வந்து படுத்துக்கொள்கிறது. அவள் பேசவில்லை என்று கடிதத்தில் இரண்டு முறை குறைப்பட்டிருக்கிறீர்கள். எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருப்பது நீங்கள், அவளல்ல. கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று புது மனைவி நினைக்க மாட்டாளா? கடிதம் முழுக்க அந்தக் கேள்வி உங்களுக்கு எழவே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

முன்பணம் போனால் போகட்டும். இந்த வாரமே சர்க்கரை மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள், விறைப்புத் தளர்வதையும் கூசாமல் சொல்லுங்கள். அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அதற்கு முன், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுங்கள். கோபப்படுவாள், அழவும் செய்வாள். பதில் சொல்லாமல், எழுந்து போகாமல், அவள் பேசி முடிக்கிறவரை உட்கார்ந்து கேளுங்கள்.