34 சதவீதப் பேனல் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு ஏசி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் எப்படியும் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. மொட்டை மாடி 1200 சதுர அடி சும்மா கிடக்கிறது. சோலார் போடலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து துபாயிலிருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி அனுப்புகிறாராம்: 34 சதவீதத் திறனுள்ள பேனல், ராத்திரியிலும் கரண்ட் தரும் பேனல், ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரி. "அம்மா, ரெண்டு வருஷம் பொறுங்க, எல்லாம் மாறப்போகுது" என்கிறார் மகன். "மானியம் இந்த மாசத்தோட முடியுது டீச்சர், ஆதாரை மட்டும் தாங்க" என்கிறார் உள்ளூர் ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: தெற்கே பக்கத்து வீட்டுத் தென்னை மூன்று நிற்கிறது, அது ஒன்றும் செய்யாதே?

டீச்சர், உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்தக் கடைசி வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மகன் அனுப்பிய செய்திகள்.

அவர் பொய்யொன்றும் அனுப்பவில்லை. சீனாவின் லாஞ்சி நிறுவனம் 2024 ஜூனில் பேனலின் அடிப்படைத் துண்டான செல் ஒன்றை, விழும் வெயிலில் 34.6 சதவீதத்தைக் கரண்டாக்கும் திறனோடு செய்து காட்டியது உண்மை. சிலிக்கானுக்கு மேல் பெரோவ்ஸ்கைட் என்ற இன்னொரு பொருளை மெல்லிய படலமாகப் பூசுவது அதன் சூட்சுமம். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் செய்த நகக்கண் அளவு செல். இதே வகையில் காசு கொடுத்து ஒருவர் வாங்கிய முதல் பேனல்கள் 2024 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போயின. அவற்றின் திறன் 24.5 சதவீதம். இன்று நம் ஊர்க் கடையில் கிடைக்கும் நல்ல பேனலே 21, 22 சதவீதம் தருகிறது. செய்திக்கும் சந்தைக்கும் நடுவில் பத்து சதவீதம் எங்கே போனது என்று யாரும் எழுத மாட்டார்கள், அதை எழுதினால் யாரும் ஃபார்வர்ட் செய்ய மாட்டார்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் நனைந்து, துலா மாசம் என்கிற ஐப்பசி மழையிலும் நனைகிற நம் மாவட்டத்தில் அது இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடிக்கும் என்பதை இன்னும் யாரும் காட்டவில்லை.

ராத்திரி பேனலும் உண்மைதான். 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் செய்தார்கள். இரவில் பேனல் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அந்த வித்தியாசத்திலிருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்கலாம். எவ்வளவு? சதுர மீட்டருக்கு 50 மில்லிவாட். உங்கள் 1200 சதுர அடியையும் ஓர் அங்குலம் விடாமல் மூடினால் ஐந்தரை வாட் கிடைக்கும். பூஜை அறையில் ஒரு குட்டி எல்இடி பல்பு எரியும், சாமிக்குச் சந்தோஷம்.

ஐந்து நிமிட பேட்டரி விஷயம் இன்னும் வேடிக்கை. 2025 மார்ச்சில் சீனக் கார் நிறுவனம் பிஒய்டி அறிவித்தது அது. ஐந்து நிமிட சார்ஜில் கார் 400 கிலோமீட்டர் ஓடுமாம். அதற்கு 1000 கிலோவாட் சார்ஜர் வேண்டும். உங்கள் வீட்டு இணைப்பு 5 கிலோவாட் என்று வைத்தால் இருநூறு வீட்டு லோடு. உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அது அப்போதே புகை விடும்.

அறிவியலைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இவை வரும், ஆனால் வருகிற வேகத்துக்கும் வாட்ஸ்அப் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. பெல் ஆய்வுக்கூடம் 1954-இல் முதல் சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டியபோது திறன் சுமார் 6 சதவீதம், அங்கிருந்து இன்றைய 22-க்கு வர எழுபது வருடம் பிடித்தது. இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் மணவாளக்குறிச்சிக்குப் போங்கள். அந்தக் கடற்கரை மணலில் அணு உலைக்கு உதவும் தோரியம் இருக்கிறது, அதில் இந்தியா நூற்றாண்டுக் கணக்கில் விளக்கெரிக்கும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம், நம் பிள்ளைகளும் படித்தார்கள். ஹோமி பாபா 1950-களில் போட்ட மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் தோரியம் மூன்றாவது கட்டம். நாடு இன்னும் மூன்றாவதற்கு வந்து சேரவில்லை. அதற்காக அன்றைக்கே "தோரியம் வரட்டும்" என்று யாராவது மண்ணெண்ணெய் விளக்கோடு காத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

சரி, உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. திறன் கூடினால் இடம் மிச்சமாகும், அவ்வளவுதான். 3 கிலோவாட்டுக்கு இன்றைய 540 வாட் பேனல் ஆறு வேண்டும். 34 சதவீதப் பேனல் வந்தால் அதே அளவில் நாலு போதும். ஒரு பேனல் ஏறக்குறைய 28 சதுர அடி, ஆக உங்களுக்கு மிச்சம் ஐம்பத்தைந்து சதுர அடி, வத்தல் காயப்போடலாம். ஸ்டாண்டு, இன்வெர்ட்டர், வயர், எர்த்திங், கூலி எதுவும் பெரிதாகக் குறையப் போவதில்லை. இரண்டு வருடம் பொறுத்தால் பன்னிரண்டு பில் கட்டியிருப்பீர்கள், அதுவும் 500-க்கு மேல் ரேட் எப்படி ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். நம் மழையையும் மேகத்தையும் சேர்த்து, ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும் என்று கணக்கு வையுங்கள். 3 கிலோவாட் உங்கள் பில்லில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே காத்திருக்க வேண்டாம். போடுங்கள்.

ஆனால் அந்த ஏஜென்டிடம் வேண்டாம்.

வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் 'பிஎம் சூர்யகர்' திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது, 2026-27 நிதியாண்டு வரை என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். இந்த மாதம் முடிகிறது, அடுத்த மாதம் முடிகிறது என்பதெல்லாம் துணிக்கடை ஆடித் தள்ளுபடிப் பேச்சு. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இந்தப் பணம் வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, பரிசோதனையும் முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் நேராக விழும். ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூட வராது. அப்படியிருக்க "மானியத்தைப் பிடித்துக்கொடுக்கிறேன், ஐயாயிரம் மட்டும் முன்பணம்" என்று ஒருவர் சொன்னால், அவர் பிடிக்கப்போவது உங்களைத்தான். ஆதார் ஓடிபியைப் போனில் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள். விண்ணப்பம் அரசின் தேசியத் தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும், நிறுவனத்தையும் அங்கே பதிவு செய்தவர்களிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுப் பதிவு செய்துவிட்டால், அப்புறம் வேறு ஆளிடம் மாறுவதற்குள் உங்களுக்குத் தலை நரைத்துவிடும்.

இன்னொரு பொறி இருக்கிறது, படித்தவர்களும் விழுகிறார்கள். மானியம் வேண்டுமென்றால் பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இறக்கி இங்கே கண்ணாடி போட்டு ஒட்டிய பேனலிலும் 'இந்தியத் தயாரிப்பு' ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், மானியம் மட்டும் வராது. செல்லும் இங்கேயே செய்த பேனலுக்கு 'டிசிஆர் பேனல்' என்று பெயர். கொட்டேஷனில் அப்படியே எழுதி வாங்குங்கள், சீரியல் நம்பரோடு சான்றிதழும் கேளுங்கள். "இரண்டு பக்கமும் கரண்ட் தரும் பேனல், முப்பது சதவீதம் கூட வரும்" என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கப் பேனல் நல்ல சரக்குதான். ஆனால் பாசி பிடித்த கறுத்த மாடியில் ஓர் அடி உயரத்தில் படுக்க வைத்தால் அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? அந்த முப்பதுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பலர் ஏமாந்தபிறகு என்னிடம் சண்டைக்கு வருகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மானியத்தில் எல்லோரும் போடுகிற ஆன்கிரிட் சோலார், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் நிற்கும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடிக்கக் கூடாதே, அதற்காகத்தான். 2017-இல் ஒக்கி புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அதுபோல இன்னொன்று வந்தால் பேட்டரி இல்லாத சோலார் வெறும் கண்ணாடிக் கூரைதான். பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கிப் போடாதீர்கள், அதுபாட்டுக்கு ஃபேனுக்கும் லைட்டுக்கும் இருக்கட்டும்.

இப்போது தென்னை.

பேனல்களை ஒன்றோடு ஒன்று தொடராக இணைப்பார்கள். கான்கிரீட் போடும் நாளில் சட்டியைக் கைமாற்றிக் கொடுக்கிற வரிசையில் ஓர் ஆள் சோர்ந்தால் மொத்த வரிசையும் அவர் வேகத்துக்கு இறங்குமே, அதுதான் இங்கே நடக்கும். ஒரே ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் நட்டம் அதோடு நிற்காது. நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிட பேனலுக்குள் இருக்கும் டயோடு கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சங்கதி உண்டு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பிலிருந்து ஆவணி பாதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும், நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் ஒரு மத்தியானம் ஏஜென்ட் மாடிக்கு வந்து பார்த்தால் உங்கள் தெற்குத் தென்னையின் நிழல் உங்கள் பக்கமே வராது. "நிழலே இல்லை டீச்சர்" என்று சத்தியம் செய்வார், அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கும். மார்கழியில் வந்து பாருங்கள். சூரியன் தெற்கே முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். மாடியிலிருந்து பத்து மீட்டர் உயரம் நிற்கும் தென்னை நட்டநடு மத்தியானத்திலேயே ஆறு மீட்டர் நிழலை உள்ளே தள்ளும், காலை பத்து மணிக்கு இன்னும் நீளமாக. ஐப்பசி கார்த்திகையில் மழை, அது விட்டால் மார்கழி தையில் தென்னை நிழல் என்று ஆனால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வடக்கே மரம் உள்ளவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக, ஆனி ஆடியில் கடிக்கும், ஆனால் அப்போது சூரியன் பதினைந்து டிகிரிதான் சாய்கிறது என்பதால் கடி கொஞ்சம் சின்னது.

பக்கத்து வீட்டு மரத்தை வெட்டச் சொல்ல முடியாது, சொன்னால் சோலாரைவிடப் பெரிய செலவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும். உங்கள் மாடி பெரிது. பேனலை வடக்கு ஓரத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலும் படாமல் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது, பன்னிரண்டு, மாலை மூன்று என்று நிழல் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு போனில் படம் எடுத்து வையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வருடம் முழுக்கச் சூரியன் போகும் பாதையைக் காட்டும் செயலிகள் போனிலேயே இருக்கின்றன, மகனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். வடக்கு ஓரத்திலும் நிழல் தப்பாது என்றால் மட்டும், ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கலாம், ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றதை இழுக்காது. விலை கூடும், ஆனால் உங்கள் நிலைமைக்கு 34 சதவீதத்தைவிட அதுதான் உருப்படியான தொழில்நுட்பம்.

ஸ்டாண்டு, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ்டு இரும்பாக, நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பெயின்ட் அடித்த இரும்பைக் கடல்காற்று தின்றுவிடும்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் காலமாகிப் பல வருடமான மாமனார் பெயரில் இருக்கும். அப்படியென்றால் முதல் வேலை பெயர் மாற்றம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எல்லாம் ஆன்லைன் என்பார்கள். ஆன்லைனில் ஏற்றிய அதே தாளைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுவரச் சொல்வதும் அவர்களேதான். வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்று, இரண்டு இரண்டு நகல் என்று கையில் வைத்துக்கொண்டே போங்கள், ஒரு நடை மிச்சமாகும். தேசியத் தளம் நொடியில் பச்சை டிக் காட்டும், நீங்கள் வாங்கும் கரண்டையும் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் இரு வழி மீட்டர் ஸ்டாக் இல்லை என்ற பதில் மட்டும் மாதக்கணக்கில் மாறாது. சோலார் கொள்கை பேசுகிற பெரியவர்கள் ஒருமுறை தங்கள் சொந்த வீட்டுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.

அந்த மீட்டர் வரும்வரை மாடியில் விளைகிற உபரி கரண்ட் உங்கள் கணக்கில் ஏறாது. அதனால் மொத்தத் தொகையில் பத்து சதவீதத்தையாவது பிடித்து வையுங்கள், மீட்டர் மாட்டி முதல் ரீடிங் எடுத்த பிறகு கொடுக்கலாம். கொட்டேஷன் வாங்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.