அம்மாவின் பட்டன் போனுக்கு எந்த ரீசார்ஜ்?

கேள்வி: நான் காசிமேட்டில் படகு வேலைக்குப் போகிறேன். குடியிருப்பது தண்டையார்பேட்டையில். அம்மாவுக்கு 67 வயது, திருவொற்றியூரில் தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது பட்டன் போன். எனக்கும் தங்கைக்கும் தினம் ஒருமுறை பேசுவார், மற்றபடி எல்லாம் இன்கமிங்தான். பக்கத்துக் கடையில் மாதாமாதம் 299 ரூபாய் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் கையில் காசு இல்லாமல் தள்ளிப்போட்டோம். முதலில் அவுட்கோயிங் நின்றது, சில நாளில் இன்கமிங்கும் நின்றது. சிலிண்டர் வந்த அன்று ஓடிபி வரவில்லை என்று திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். அவசரத்துக்கு 10 ரூபாய் டாப்-அப் போட்டுப் பார்த்தோம், கால் போகவே இல்லை. குறைந்த செலவில் என்ன போடலாம்? என் போனிலும் இரண்டாவது சிம் ஒன்று சும்மா கிடக்கிறது. பழைய வங்கிக் கணக்கு அந்த நம்பரில்தான் இருக்கிறது. அதற்கும் மாதாமாதம் போட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 299-ஐ நிறுத்துங்கள். அது தினசரி நெட் டேட்டாவோடு வரும் 28 நாள் பேக். பட்டன் போனில் அந்த டேட்டாவை உங்கள் அம்மா எந்தக் காலத்திலும் தொடப்போவதில்லை. 28 நாளை மாதம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் வருடத்துக்கு 13 முறை போட்டால்தான் 364 நாள் ஓடும். 13 தடவை 299 என்றால் 3,887 ரூபாய். பேசுவதற்கு மட்டுமான வருடப் பேக் 1,849 ரூபாய்க்கே கிடைக்கிறது. பாதிக்கு மேல் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். "அம்மா, எப்பவும் போடறதுதானே?" என்று கேட்பார், அம்மா தலையாட்டுவார், நம்பரை அடிப்பார், திரையில் மேலே வரும் பேக்கை அமுக்குவார். பின்னால் நாலு பேர் நிற்கும் கடையில் அதற்கு மேல் பேச நேரம் இருக்காது. அதனால் என்ன வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். "நெட் வேண்டாம், வாய்ஸ் ஒன்லி பேக் போடுங்க, 84 நாள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அப்படி ஒரு பேக்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெட் இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் எல்லா கம்பெனிகளுக்கும் விதி போட்டது. 90 நாளாக இருந்த இத்தகைய பேக்குகளின் உச்ச வேலிடிட்டி 365 நாளாக உயர்ந்ததும் அதே விதியில்தான்.

2025 தொடக்கத்தில் இத்தகைய பேக்குகளுக்கு இருந்த விலைகளைச் சொல்கிறேன். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. பிஎஸ்என்எல்லில் 90 நாளுக்கு 439. எல்லாவற்றிலும் எந்த நெட்வொர்க்குக்கும் கணக்கில்லாமல் பேசலாம். கூடவே நாம் அனுப்புவதற்குக் குறிப்பிட்ட அளவு எஸ்எம்எஸ் உண்டு. நமக்கு வரும் ஓடிபி அந்த எண்ணிக்கையில் சேராது. விலைகள் அடிக்கடி மாறுகின்றன, போடும் அன்றைக்கு ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது விலையை மட்டும் கேட்டால் போதாது, எத்தனை நாள் என்று கட்டாயம் கேளுங்கள். விலையை அப்படியே வைத்துவிட்டு நாளைக் குறைப்பதும் விலையேற்றம்தான். பிஎஸ்என்எல்லின் 107 ரூபாய் பேக் 35 நாளாக இருந்தது, 2025-ல் 28 நாளானது. ரூபாய் மாறாததால் பலருக்குத் தெரியக்கூட இல்லை. குறைவாகப் பேசுகிறவர் கொடுக்கும் காசு பேசும் நிமிடத்துக்கு இல்லை, நம்பர் உயிரோடு இருக்கும் நாட்களுக்குத்தான். எனவே ரூபாயை நாளால் வகுத்துப் பாருங்கள். 28 நாளுக்கு 299 என்றால் ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 காசு. 84 நாளுக்கு 469 என்றால் 5 ரூபாய் 58 காசு. 365 நாளுக்கு 1,849 என்றால் 5 ரூபாய் 7 காசு. கடையில் எந்தப் பேக்கைக் காட்டினாலும், போனில் உள்ள கால்குலேட்டரில் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.

கணக்குப்படி வருடப் பேக்தான் மலிவு. ஆனாலும் உங்களுக்கு அதை நான் சொல்லப்போவதில்லை. தினக்கூலியிலும் பங்குப் பணத்திலும் ஓடும் வீட்டில் ஒரே நாளில் 1,849 ரூபாயை எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வெளியிலிருந்து கணக்குப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர் மாதாமாதம் கொடுத்து வருடக் கடைசியில் அதிகம் கொடுத்திருப்பார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். உங்களுக்கு 84 நாள் பேக்தான் பொருந்தும். வருடப் பேக்கை விட அது வருடத்துக்கு 190 ரூபாய் போலக் கூடுதல், ஆனால் ஒரு தடவை கை கடிக்காது.

அதிலும் தேதியைப் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும். போன் காசு கூடப் பாரமாகத் தெரிவது அந்த நாட்களில்தான். ஏப்ரல் முதல் வாரத்தில், கடைசி நடைகளின் காசு கையில் இருக்கும்போதே 84 நாள் பேக்கைப் போட்டுவிட்டால் ஜூன் கடைசி வரை அம்மாவின் போனைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. பேக் முடியும் தேதியை அம்மா வீட்டு காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். கம்பெனியிலிருந்து வரும் எச்சரிக்கை எஸ்எம்எஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அம்மா அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த 10 ரூபாய் டாப்-அப் ஏன் வேலை செய்யவில்லை என்றும் சொல்கிறேன். அந்தக் காசு மெயின் பேலன்ஸில்தான் போய் உட்கார்ந்திருக்கும். வரியும் கட்டணமும் கழிந்து 7 ரூபாய் 47 காசு காட்டும். முன்பெல்லாம் டாப்-அப் போட்டால் சிம் ஓடும். இப்போது வேலிடிட்டி தனி, பேலன்ஸ் தனி. வேலிடிட்டி தரும் பேக் இல்லாமல் மெயின் பேலன்ஸில் நூறு ரூபாய் இருந்தாலும் கால் போகாது. பழைய பழக்கத்தில் வயதானவர்கள் 10, 20 என்று போட்டுப் போட்டு ஏமாறுவதைப் பார்க்கும்போது, கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்.

அடுத்து எந்தக் கம்பெனி என்ற கேள்வி. இப்போது இருக்கும் கம்பெனியிலேயே வாய்ஸ் பேக் போட்டு, அம்மா வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைத்தால் மாற வேண்டிய அவசியமே இல்லை. மாற நினைத்தால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, கைபேசி. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சாதாரண 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் டவரே காட்டாது. ஜியோ விற்கும் ஜியோபாரத் பட்டன் போன் 4ஜி. 2023-ல் 999 ரூபாய்க்கு வந்தது, அந்தப் போனுக்கு மட்டும் 28 நாளுக்கு 123 ரூபாய் பேக் உண்டு. நாள் கணக்கில் 4 ரூபாய் 39 காசுதான். அம்மாவின் போன் பழுதாகி எப்படியும் புதிது வாங்க வேண்டிய நிலை வந்தால் அதை யோசிக்கலாம். நன்றாக ஓடும் போனைத் தூக்கிப்போட்டுவிட்டு வாங்க வேண்டாம். எழுத்தும் பட்டனும் கைக்குப் பழகிய போனை 67 வயதில் மாற்றச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, வீட்டுக்குள் சிக்னல். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் நெருக்கமான சந்துகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், தெருவில் நாலு கோடு காட்டும் போன் சமையலறைக்குள் போனதும் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். விளம்பரத்தையோ கடைக்காரர் சொல்வதையோ நம்ப வேண்டாம். நீங்கள் மாற நினைக்கும் கம்பெனியின் சிம் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். அவர் போனை வாங்கி, அம்மா படுக்கும் இடத்தில் நின்று கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு ஒரு கால் போட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு, எல்லோரும் போனில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். குரல் அறுந்தால் அந்தக் கம்பெனி வேண்டாம், மாதம் 20 ரூபாய் மிச்சமானாலும் வேண்டாம். பிஎஸ்என்எல் விலை குறைவு என்பதால் பலரும் அதற்கு மாறச் சொல்வார்கள். மாறலாம், இந்தச் சோதனை முடிந்த பிறகு.

மாறுவதென்றால் நம்பர் அப்படியே இருக்கும். இப்போதைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். அம்மாவின் போனிலிருந்து ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க நம்பரை அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிலுக்கு ஒரு குறியீடு வரும். அது 4 நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியின் கடையில் ஆதாரோடு போக வேண்டும். மூன்று வேலை நாளில் மாறிவிடும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் நாட்களும் போய்விடும், அதனால் பேக் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பிப்பது நல்லது. பேக் முடிந்து அவுட்கோயிங் நின்றபிறகு அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பத் தடுமாற வேண்டிவரும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சிம் யார் பெயரில் இருக்கிறது? நிறைய வீடுகளில் அம்மா வைத்திருக்கும் சிம் காலமான அப்பாவின் பெயரில் இருக்கும், அல்லது எப்போதோ வாங்கிக் கொடுத்த மருமகன் பெயரில் இருக்கும். போர்ட் பண்ணவும், சிம் தொலைந்தால் புது சிம் வாங்கவும் அந்தப் பெயர்க்காரர்தான் வர வேண்டும். அப்பா பெயரில் இருந்தால் இப்போதே இறப்புச் சான்றிதழோடு கம்பெனியின் சேவை மையத்துக்குப் போய் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள். பர்மா பஜாரிலோ தெருவோரக் குடையின் கீழோ இது ஆகாது. எங்கே கைரேகை வைத்தாலும் அம்மாவோடு நீங்கள் கூட நில்லுங்கள். ரேகை பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள் என்று சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். அப்படி வைக்கும் ரேகையில் இன்னொரு சிம் எடுத்துவிடும் மோசடி நடக்கிறது. அம்மா பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் போனிலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது சிம். 90 நாள் தொடர்ந்து கால், எஸ்எம்எஸ், நெட் எதுவும் பயன்படுத்தாமல் கிடந்தால்தான் ஒரு ப்ரீபெய்டு நம்பரைத் துண்டிக்கலாம் என்பது டிராய் விதி. அப்போதும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் துண்டிக்கக் கூடாது. அதிலிருந்து 20 ரூபாய் வரை கழித்துக்கொண்டு நம்பரை நீட்டித்துத் தர வேண்டும். அதையும் மீறித் துண்டித்தால் 15 நாள் அவகாசத்தில் மீட்கலாம். ஆனால் இது நம்பர் வேறொருவர் கைக்குப் போகாமல் காக்கும் ஏற்பாடு மட்டுமே. வேலிடிட்டி முடிந்த நம்பருக்கு இன்கமிங்கும் ஓடிபியும் வரும் என்று இதை நம்பி இருக்க முடியாது. அம்மாவின் நம்பரை ஒருபோதும் இந்த 20 ரூபாயில் விட்டு வைக்காதீர்கள். சிலிண்டர் ஓடிபி, வங்கி எஸ்எம்எஸ், ரேஷன் கடை எஸ்எம்எஸ், ஆதார் என்று அவருடைய காரியம் எல்லாம் அந்த ஒரு நம்பரில் தொங்குகிறது.

உங்கள் இரண்டாவது சிம்முக்கு நான் சொல்வது வேறு. அதற்குக் காசு போடுவதை விட, கடலுக்குப் போகாத ஒரு நாள் வங்கிக்குப் போய் கணக்கில் இருக்கும் அந்த நம்பரை எடுத்துவிட்டு, உங்கள் முதல் சிம்மின் நம்பரைக் கொடுங்கள். ஆதாரிலும் பழைய நம்பர் இருந்தால் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். எல்லாம் மாறிவிட்டது என்று உறுதியான பிறகு அந்த சிம்மை விட்டுவிடலாம். வரிசையைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். விட்ட நம்பரைக் கம்பெனி கொஞ்ச நாளில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும், உங்கள் கணக்கின் ஓடிபி அவர் போனில் போய் விழும். கைமாறிய நம்பர்களைக் கண்டுபிடித்து யுபிஐ-யிலிருந்து நீக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கு விதி இருக்கிறது என்றாலும், அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

ரீசார்ஜ் செய்தபிறகும் அம்மாவின் மெயின் பேலன்ஸில் காசு குறைந்துகொண்டே வந்தால், காலர் ட்யூன், ஜோசியம் என்று ஏதாவது ஒன்று தெரியாமல் ஆனாகியிருக்கும். பட்டனை அழுத்தும்போது விரல் பட்டுத் தெரியாமல் ஏறிவிடுவதுண்டு. 155223 என்ற இலவச எண்ணுக்கு அம்மா போனிலிருந்தே கூப்பிட்டு அதை நிறுத்தலாம். வேறு குறை எதுவானாலும் 198. அங்கே பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீர்வு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் அந்தப் புகார் எண் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.