முட்டை முதல் மூச்சு வரை: புரதங்களின் பிடிமானம்

முட்டையை வேகவைத்தால் புரதம் துண்டு துண்டாக உடைந்துவிடுகிறதா?

இல்லை. புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்புகள் கொதிநீருக்கு அசைவதில்லை. அவிழ்வது சங்கிலியின் மடிப்புதான். ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிமானங்களும், தண்ணீருக்கு ஒதுங்கி உள்ளே ஒண்டியிருக்கும் எண்ணெய்ப்பசைப் பகுதிகளுமே அந்த மடிப்பைக் காக்கின்றன. சூடு ஏறினால் அவை கைவிடுகின்றன. உள்ளே இருந்தவை வெளியே வந்து பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்கின்றன. தோசைக்கல்லில் முட்டையை ஊற்றிப் பாருங்கள்: கண்ணாடி போன்ற வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் இது தொடங்குகிறது. வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் 80 டிகிரியை ஒட்டித்தான் அவிழ்கிறது.

வீட்டில் நேராக்கிய முடி மழையில் நனைந்ததும் சுருள்கிறது. பார்லரில் செய்தது மட்டும் எப்படி நிற்கிறது?

வீட்டுக் கருவியின் சூடு, முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே மாற்றி அமைக்கிறது. தண்ணீர் பட்டால் அவை பழைய இடத்துக்குப் போய்விடும். பார்லரில் தயோகிளைக்கோலேட் கலந்த பூச்சு, இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த டைசல்பைடு பிணைப்புகளையே வெட்டுகிறது. அந்தக் கடும் நாற்றம் கந்தகச் சேர்மத்தின் நாற்றம். முடியை நேராக இழுத்து வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் புதிய இடங்களில் கந்தகங்கள் மறுபடி இணைகின்றன. பூச்சை நேரம் கடந்து விட்டால் முடி இழை இழையாக ஒடியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்பவரிடம் போங்கள். வேரிலிருந்து வளரும் முடி பழையபடிதான் இருக்கும்.

இன்சுலினை ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் பத்திரமாக இருக்குமா?

தயவுசெய்து வைக்காதீர்கள். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள், மூன்று டைசல்பைடு பிணைப்புகள் கொண்ட சிறிய புரதம் அது. உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. வெயிலும் ஆகாது. டைசல்பைடு அறுபடாமலே மடிப்பு தளர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நார்போல் திரண்டுவிடும். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் ஊசி போடாதீர்கள். (சில வகைகள் இயல்பிலேயே பால்போல் இருக்கும், மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பிணைப்புகள் வலுவாக இருந்தால்தானே புரதம் நன்றாக வேலை செய்யும்?

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். வலு மட்டும் போதுமென்றால் நம்மால் மூச்சே விட முடியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளுக்கிடையே எதிரெதிர் மின்னேற்றங்கள் ஈர்க்கும் உப்புப் பாலங்கள் உண்டு. நுரையீரலில் ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது அவை அறுபட்டு, புரதம் முழுவதும் சற்றுத் திரும்பிக்கொள்கிறது. அடுத்த ஆக்சிஜன் ஏறுவது எளிதாகிறது. 1970-இல் அறிவியலாளர் மாக்ஸ் பெரூட்ஸ் விளக்கிய அசைவு இது. நீங்கள் மாடிப்படி ஏறும்போது தொடைத்தசையில் அமிலத்தன்மை கூடுகிறது. அறுபட்ட பாலங்கள் மீண்டும் சேர்கின்றன; ஹீமோகுளோபின் தன் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது.