மாடியில் சோலார், கீழே பேக்கரி: ஒரே ஒயரில் ஓட்டலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஊராட்சிப் பகுதியில் எங்கள் வீடு. கீழே பேக்கரி, மேலே குடியிருக்கிறோம். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர். வீட்டு இணைப்பு மறைந்த அப்பா பெயரில் இருக்கிறது. இடம் எனக்கும் குவைத்தில் இருக்கும் தம்பிக்கும் பொது. மொட்டைமாடியில் 10 அடி உயரத்துக்குக் கம்பி நிறுத்தி, 5 கிலோவாட் சோலார் போடப் போகிறேன். பிளான் அனுமதி இல்லாமல் வைத்தால் கேஸ் போடுவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கரண்டில் பேக்கரி ஓவனையும் ஓட்டலாமா?

பதில்: ஓவனை முதலில் பேசிவிடுவோம், பெரிய வம்பு அதில்தான் இருக்கிறது. வீட்டு மீட்டரோடு இணைத்த சோலாரிலிருந்து கடைக்கு ஒயர் இழுக்காதீர்கள். 'வெயில் கரண்ட்தானே' என்று வாதாடலாம். ஆனால் மேகம் மூடியதும் அதே ஒயரில் வருவது வீட்டுக் கட்டண மின்சாரம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி இது அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால் கடைக் கட்டணத்தில் இரு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கு வரும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். அதற்கும் பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். கடைக்கு வேண்டுமென்றால் கடை இணைப்பிலேயே தனியாகப் பேனல் போடுங்கள். அதற்கு மானியம் கிடையாது. வீட்டுக்கு உண்டு: பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய்.

அந்த மானியம் கைக்கு வர, இணைப்பு உங்கள் பெயருக்கு மாற வேண்டும். வாரிசுச் சான்றிதழோடு ஈபி அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். நம் மாவட்டத்தில் தாத்தா பெயரிலேயே பில் கட்டும் வீடுகள் எத்தனையோ! தம்பியிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பாகம் பிரிக்காத மாடியில் 25 வருடம் நிற்கப் போகிற பொருள் இது. போனில் சொன்ன சம்மதம் பாகப்பிரிவினை நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

சரி, அனுமதி. தளத்தை ஒட்டிச் சாய்த்து வைக்கும் பேனலைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். 10 அடிக் கம்பிக்குக் கீழே தகரம் அடித்துப் பக்கத்தையும் அடைத்தால் அது அறை ஆகிவிடும். அப்போது 1971 நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வரும். திறந்தே விட்டாலும், வரைபடத்தோடு ஊராட்சியில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். அதற்கு முன் இன்னொன்று: உங்கள் மேல்மாடியே அனுமதி வாங்கிய பிளானில் இருக்கிறதா என்று பாருங்கள். புகாரில் வரும் அதிகாரி பேனலை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்.

ஈபி தரப்பில் அவ்வளவு சிக்கல் இல்லை. 2024 பிப்ரவரியில் திருத்திய மத்திய விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் முழுமையாக இருந்தால், தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நியாயமான குறை இரண்டு இருக்கலாம். பேனலில் வழியும் மழைநீர் அவர் காம்பவுண்டுக்குள் விழுந்தால் அவர் கேட்பது சரிதான். நீரைப் பிடிக்க விளிம்பில் ஒரு பாத்தி வைத்துக் குழாயில் இறக்கிவிடுங்கள். இரண்டாவது காற்று. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்தபோது நம் ஊரில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததைப் பார்த்தோம். கம்பி உறுதியில்லாமல் பேனல் பறந்து அவர் வீட்டுக் கூரை ஓட்டை உடைத்தால், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான். கட்டடப் பொறியாளரிடம் உறுதிச் சான்று வாங்கிய பிறகே கம்பியை நிறுத்துங்கள்.

அப்புறமும் அவர் கேஸ் போடுவார் என்று தோன்றினால், பத்மநாபபுரம் முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டு வையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் அவர் தடை உத்தரவு வாங்க முடியாது. அது 90 நாள் செல்லும். வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள்.