மூன்று ஞாயிறு, ஒரு மீன் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து காட்பாடிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கடலோரத்தில் வளர்ந்தும் தூண்டிலைத் தொட்டதில்லை. இங்கே வந்து ஏரிகளைப் பார்த்த பிறகுதான் ஆசை வந்தது. ஆன்லைனில் ரீலோடு ஒரு ராடு, பத்துப் பதினைந்து ரப்பர் மீன்கள் எல்லாம் வாங்கினேன். முதல் ஞாயிறு பாலாற்றுப் பாலத்தடியில் நின்றேன். அடுத்த இரண்டு ஞாயிறும் ஓர் ஏரிக்கரையில். ஒரு மீன்கூட இல்லை. மூன்றாம் வாரம் ஒருவர் வந்து திட்டி விரட்டிவிட்டார். நீங்கள் சின்ன வயதில் தூண்டில் போட்டதைப் பற்றி எப்போதோ எழுதியிருந்தீர்கள். எங்கே போவது, எதை இரையாக வைப்பது என்று சொல்ல முடியுமா? இன்னொன்று. என் மனைவி சைவம், வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. பிடித்தால் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), காட்பாடி

அன்புள்ள தம்பி,

உங்களை விரட்டினாரே, அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் அநேகமாக அந்த ஏரியின் குத்தகைக்காரராக இருப்பார், இல்லையென்றால் அவர் வைத்த காவல் ஆள். உங்கள் ஊர்க் கடலில் பிடித்தவனுக்கு மீன் சொந்தம். எங்கள் பக்கத்து ஏரி அப்படி இல்லை. தண்ணீர் வந்ததும் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போகும். எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்ப்பார். ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் அவை தாமாக முட்டை வைக்காது. ஏரியில் ஒரு கட்லா துள்ளுகிறது என்றால் அது யாரோ காசு கொடுத்து வாங்கி விட்ட கட்லா.

முன்பெல்லாம் வெள்ளக் காலத்தில் ஆற்றில் இறங்கித்தான் அந்தக் குஞ்சுகளைச் சேகரிப்பார்கள். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, கெண்டை இனத்து மீனுக்குப் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். இன்று ஏரிகளில் கொட்டுகிற குஞ்சுகள் எல்லாம் அந்த ஊசியின் பேரப்பிள்ளைகள். ஜூலை 10ஐ மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வேலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் 1806இல் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கியதுதான் ஞாபகம் வரும். மீன் ஞாபகம் வருவது என்னைப் போல ஒருசிலருக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை ஏரிக்குப் போனால் தூண்டிலை எடுக்காதீர்கள். மதகுப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். போய், “அண்ணே, ஓரமா ஒரு தூண்டி போட்டுக்கறேன், ஜிலேபி மட்டுந்தான் எடுப்பேன், ரோகு மாட்டினா விட்டுடறேன்” என்று கேளுங்கள். ஜிலேபி என்றால் ஜிலேபிக் கெண்டை. அது யாரும் விடாமலே பெருகி, வளர்ப்பு மீனின் தீனியையும் சேர்த்துத் தின்கிற ஜாதி. அதனால் பாதிப்பேர் சரி என்பார்கள். சிலர் டீக்காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் முடியாதுதான், அடுத்த ஏரியைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஏரிக்கா பஞ்சம்?

நான் வளர்ந்தது வாலாஜாவுக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். என் மாமாவுக்குத் தூண்டில் பைத்தியம். “பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா தூண்டி?” என்று ஆயா கத்தக் கத்த என்னையும் கூட்டிப் போவார். எட்டு வயதில் என் முதல் மீன் ஒரு விரல் நீளக் கெளுத்தி. பெருமையில் அதை அப்படியே உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தேன். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் செவுளை அடுத்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று முள் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரே கூடும் அளவுக்கு அழுதேன். நீங்கள் பிடித்தால் முன்பக்கமாக, இரண்டு பக்க முள்ளுக்கும் பின்னால் விரலைக் கொடுத்துப் பிடியுங்கள், அல்லது ஈரத்துணி போட்டு அமுக்குங்கள். தேளி என்று கறுப்பாக, மீசையோடு ஒன்று வரும். அதன் முள்ளில் விஷமே உண்டு. குத்திவிட்டால் கை தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் அமிழ்த்தி வையுங்கள், வலி இறங்கும். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் ரீலையும் ரப்பர் மீனையும் இப்போதைக்குப் பரண் மேல் போடுங்கள். அவை விராலைத் தேடிப் போகிறவர்களுக்கு. ஜிலேபிக்கும் கெண்டைக்கும் பத்தடி மூங்கில் கழி போதும். நல்ல கழியாக, நுனி வளைந்து கொடுக்கிறதாகப் பாருங்கள். கழியின் நீளத்துக்கே தங்கூஸ் நரம்பு (நைலான் இழை), ஒரு சின்ன ஈயக்குண்டு, ஒரு தக்கை, ஒரு தூண்டில் முள். கடையில் முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய எண் என்றால் பெரிய முள் என்று நினைத்துத்தான் எல்லோரும் முதல் தடவை ஏமாறுவார்கள். எட்டு அல்லது பத்தாம் எண் கேளுங்கள். ஜிலேபிக்கு வாய் சின்னது. தக்கையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சோளத்தட்டைத் துண்டு, மயிலிறகுத் தண்டு, அறுந்த ரப்பர் செருப்பு, எது கிடைத்தாலும் வெட்டிக் கட்டலாம். என் மாமா கட்டியது எப்போதும் ஆயாவின் செருப்பு. அது அறுந்துதான் இருக்க வேண்டும் என்று அவர் காத்திருந்ததில்லை.

இரைக்கு மண்புழுவை மிஞ்சி எதுவும் இல்லை. துணி துவைக்கிற கல்லடியிலும் வாழைமரத்தடியிலும் தோண்டினால் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டில் இதற்கு எங்கே போவது என்றால், மைதாவும் பொடித்த கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து, அதில் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டு உருட்டுங்கள். பஞ்சு இல்லாத மாவு தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும், நீங்கள் வெறும் முள்ளைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். போட்டுப் பழகப் பழகத் தக்கையே பேசும். ஜிலேபி கொத்தும்போது அது படபடவென்று துடிக்கும். கெண்டை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கெளுத்தி ஒரே முழுங்கு, தக்கையைக் காணோம். ஆரம்பத்தில் எல்லோரும் துடிக்கும்போதே இழுத்துவிடுகிறார்கள். தக்கை நகரட்டும், அப்புறம் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். கழியைத் தோளுக்கு மேல் வீசினால் மீன் பின்னாலிருக்கும் வேலமரத்தில் தொங்கும்.

கரையில் எங்கே உட்காருவது? மாமா ஏரியைச் சுற்றி முக்கால்மணி நேரம் நடந்துவிட்டுத்தான் உட்காருவார். மதகை ஒட்டி ஆழம் அதிகம், வெயில் காலத்தில் மீன் அங்கே ஒதுங்கும். ஆனால் அங்கே வழுக்கும், தண்ணீர் திறந்திருந்தால் இழுக்கும். உங்களைப் போலப் புதிதாக வருகிறவர் அங்கே போக வேண்டாம். தண்ணீர் உள்ளே வருகிற கால்வாய் வாய், அல்லி படர்ந்த ஓரம், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தடி, இவை நல்ல இடங்கள். முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் தாம்பாளம் மாதிரி வட்டவட்டமாகக் குழி தெரிந்தால் அது ஜிலேபி கட்டிய கூடு. ஒரு விஷயம்: விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஆஹா கூட்டம் என்று சந்தோஷப்படாதீர்கள். தண்ணீரில் பிராணவாயு குறைந்து அவை திணறுகின்றன. அப்போது எதுவும் கொத்தாது. வெயில் ஏறிப் பாசி பிராணவாயுவை விட்டு, தண்ணீர் தேறின பிறகு போடுங்கள்.

விரால் மேலே வருவது வேறு. அதற்குக் காற்றை வாயாலேயே குடிக்கிற வழக்கம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “ப்ளக்” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே சில பேர் வீட்டை மறந்து கரையில் கிடக்கிறார்கள். உங்கள் ரப்பர் மீனுக்கு வேலை வருவது அப்போதுதான். ஆனால் சிவப்பாக, கைக்குட்டை விரித்த மாதிரி குஞ்சுக்கூட்டம் மேலே மிதந்து வந்தால் அதன் பக்கத்தில் தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், கிட்டே எது வந்தாலும் பாயும். அதனால் பிடிப்பது ரொம்பச் சுலபம். அவை போய்விட்டால் அத்தனை குஞ்சும் அரைநாளில் கெண்டைக்கும் கொக்குக்கும் தீனி. மாமா ஒருமுறை அப்படிப் பிடித்துவிட்டு, அந்த மீனைச் சாப்பிடாமல் எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இடம் கேட்டீர்கள். மாதம் சொல்லாமல் இடம் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும்போது, புதுத் தண்ணீருக்கு எதிராக மீன் ஏறும். ஊரே வலையும் வேட்டியுமாக நிற்கும். பார்க்கப் போங்கள், பிடிக்க இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கியிருக்கும், தூண்டிலுக்கு ஆகாது. தையிலிருந்து பங்குனி வரை தெளிந்த தண்ணீர், இளங்காலைப் பனி, அதுதான் உங்கள் பருவம். சித்திரைக்குமேல் ஏரி வற்ற, குத்தகைக்காரர் வலை இழுத்துவிடுவார்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். பல்லவர் காலத்து ஏரி, வாலாஜா அணைக்கட்டிலிருந்து பாலாற்றுத் தண்ணீர் வருகிறது. நிரம்பி நிற்கும்போது உங்களுக்குத் தூத்துக்குடி ஞாபகம் வரும், எதிர்க்கரை அவ்வளவு தூரம். ஆனால் தூண்டில் பழக அது தோதில்லை. பெரிய தண்ணீரில் மீன் எங்கே என்று புதியவருக்குப் புரியாது. காட்பாடியைச் சுற்றி, பொன்னை போகிற வழியில், கிராமத்துக்குக் கிராமம் சின்ன ஏரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அதையே சுற்றுங்கள். குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை அழகுதான், காட்டை ஒட்டியது, யானை வரும் பக்கம். தனியாக, இருட்டோடு போகிற இடமில்லை. சாத்தனூர் அணைக்குக் குடும்பத்தோடு போய் மீன் வறுவல் சாப்பிடலாம். மன்னிக்கவும், உங்கள் வீட்டில் அது நடக்காது. அங்கே அணைத் தண்ணீரில் முதலையும் உண்டு, காலை நனைக்காதீர்கள். வேலூர்க் கோட்டை அகழியில் பெரிய பெரிய மீன் தெரியும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், பார்ப்பதோடு சரி.

பாலாற்றில் ஏன் எதுவும் மாட்டவில்லை என்று கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. 348 கிலோமீட்டர் ஆறு, வருஷத்தில் பெரும்பகுதி மணல். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்கப் பாலத்துக்குப் பாலம் கூட்டம் நின்றது, அதில் நானும் ஒருத்தி. இப்போது பாலத்தடியில் தேங்கி நிற்பது பல இடங்களில் ஊர்ச் சாக்கடை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பாகி, அதன் பிறகும் முடியவில்லை. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் மீன் கிடைத்தாலும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, மணல் அள்ளின பள்ளங்கள். மேலே முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், ஓரடி தள்ளி ஆளை முழுங்கும். ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகள் சாகிறார்கள். உங்களுக்கு நீச்சல் தெரியும் என்பீர்கள். கடல் நீச்சல் சேற்றுக்கு உதவாது.

யாராவது வெடி போடுகிறேன், மருந்து கலக்கிறேன் என்று கூப்பிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். 1897ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அது குற்றம்.

கடைசியாக உங்கள் வீட்டு விவகாரம். மனைவி சொல்வது நியாயம், அதில் நான் தலையிட மாட்டேன். தூண்டில் முள்ளின் கொண்டையை (நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை) இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போட்டால் மீனுக்குக் காயம் அதிகம் ஆகாது, கையை நனைத்துக்கொண்டு எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். ஆனால் ஜிலேபியை விட்டால் குத்தகைக்காரருக்குக் கோபம் வரும். அதை மட்டும் ஒரு பையில் சேர்த்து, போகும்போது மதகடியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் கேட்காமலே, “சார், அங்க இல்ல, அந்தக் கருவேல மரத்தாண்ட போடு” என்பார்.

அன்புடன்,
அக்கா