நிரம்பிப் போகும் விமானத்தை ஏன் நிறுத்துகிறார்கள்?

கேள்வி: “சிங்கப்பூரிலிருந்து திருச்சி போன்ற ஊர்களுக்கு விமானம் எப்போதும் நிரம்பித்தான் போகிறது. அப்படியிருந்தும் மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் சிறிய விமான நிலையங்களுக்கான சேவையைத் திடீரென்று குறைப்பது ஏன்? நாம் என்ன செய்யலாம்?”

சிங்கப்பூர் தேக்கா பக்கத்தில் ஒரு பயண முகவர் கடையில் டிக்கெட் போடும் வேலை எனக்கு. இந்தக் கேள்வியை யாராவது கேட்காமல் ஒரு வாரம் கழிவதில்லை. பெரும்பாலும் கோபமாகக் கேட்பார்கள். ஏதோ நான்தான் விமானத்தை நிறுத்தியதுபோல.

“நிரம்பித்தான் போகிறது” என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. அவர்கள் ஏறிய அன்று விமானத்தில் இடமே இருந்திருக்காது. ஆனால் அது தீபாவளிக்கு முந்தைய வாரமாக இருக்கும். இல்லாவிட்டால் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையின் தொடக்கமாக இருக்கும். எல்லோரும் போகிற நாளில்தான் நாமும் போகிறோம். அதனால் விமானம் என்றைக்குமே நிரம்பியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நம்மைத் திருச்சியில் இறக்கிவிட்டு அதே விமானம் திரும்புகிறதே, அதில் யார் ஏறுகிறார்கள்? பண்டிகைக்கு முன்பு ஊரிலிருந்து இங்கே வர அவ்வளவு ஆள் கிடையாது. பண்டிகை முடிந்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். ஆடி மாதத்தைக் கேட்கவே வேண்டாம். கல்யாணமும் இல்லை, விடுமுறையும் இல்லை. அந்த வாரங்களில் வரும் சலுகை விலையைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம், நடத்துகிறவனுக்கு வயிற்றெரிச்சல். சந்தை நாளில் மட்டும் படிக்கட்டு வரை ஆள் தொங்கும் மினி பஸ்ஸின் கணக்கு, அதை வாரம் முழுக்க ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

இது பாதிக் காரணம். மீதியைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். லாபம் வந்துகொண்டிருந்தாலும் நிறுத்துவார்கள்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போக ஏறக்குறைய நான்கு மணி நேரம், திரும்பி வரவும் அவ்வளவே. இரு முனையிலும் ஆள் இறக்கி ஏற்றி, சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு விமானத்துக்குப் பத்து மணி நேர வேலை. அந்தப் பத்து மணி நேரத்தில் அதே விமானம் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ இரண்டு தடவை போய் வந்துவிட்டு மூன்றாவது தடவைக்கும் கிளம்பியிருக்கும். எனவே திருச்சி லாபம் தந்தால் மட்டும் போதாது; பினாங்கு தரும் லாபத்தைவிட அதிகமாகத் தர வேண்டும். திருச்சி விமானங்கள் பல இரவிலும் விடியற்காலையிலும் இருப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சேவையைக் காப்பாற்றுவதே அந்த நேரம்தான். பகலெல்லாம் பக்கத்து நாடுகளுக்குப் பறந்த விமானத்துக்கு இரவில் ஒரு வேலை கிடைக்கிறது. நம் தூக்கம் கெடுகிறது, விமானம் ஓடுகிறது.

விமானம் எங்கே அதிகம் சம்பாதிக்குமோ அங்கே போய்விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. மலிவுக் கட்டண நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏஷியா இருபது ஆண்டுக்கு மேல் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பறந்தது. 2025 ஜூன் மாதம் மூடப்போவதாக அறிவித்தது, ஜூலை 31 அன்று கடைசி விமானம். வெளியாரிடம் வாங்கும் பொருள், சேவைகளின் செலவும் விமான நிலையக் கட்டணமும் ஏறிவிட்டன, போட்டியும் கடுமை என்று காரணம் சொன்னார்கள். அதன் 13 விமானங்களையும் தாய் நிறுவனமான குவான்டாஸ் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் திருப்பிவிட முடிவெடுத்தது. ஆஸ்திரேலியாவின் புரூம், இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோ போன்ற சிறிய ஊர்களுக்கு அப்போது இங்கிருந்து நேரடியாகப் பறந்துகொண்டிருந்தது அந்த நிறுவனம் மட்டுமே. லாபுவான் பாஜோவுக்குப் பறக்கப்போவதாகப் பிறகு சிங்கப்பூரின் இன்னொரு மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் அறிவித்தது. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிப்பதில்லை.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். சாங்கியில் பயணத்தைத் தொடங்கும் ஒருவர் டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டும் விமான நிலையக் கட்டணங்களும் வரியும் 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 20 காசு. 2027 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2030இல் அது 79 வெள்ளி 20 காசாகும். ஆயிரம் வெள்ளி டிக்கெட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. நூற்றைம்பது வெள்ளி டிக்கெட்டில் கண்ணைக் குத்தும். ஐரோப்பாவில் இதை வைத்தே மல்லுக்கு நிற்கிறார்கள். ஸ்பெயினில் விமான நிலையக் கட்டணம் அதிகம் என்று சொல்லி 2025இல் மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர் ஹெரெஸ், வல்யதோலித் என்னும் இரண்டு சிறிய நிலையங்களை விட்டே கிளம்பிவிட்டது. பெரிய நகரத்தை அப்படி மிரட்ட முடியாது. சின்ன ஊரை மிரட்டலாம், ஏனென்றால் அங்கே வேறு ஆள் இல்லை.

ஒரே ஒரு நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்துக்கு சிங்கப்பூரில் உள்ள நம் சின்ன விமான நிலையம் சிலேத்தாரே சாட்சி. 80 மில்லியன் வெள்ளியில் புதிய முனையம் கட்டி 2018 நவம்பர் 19 அன்று திறந்தார்கள். ஆண்டுக்கு 7 லட்சம் பயணிகளைக் கையாளலாம். அங்கே வரவிருந்த ஒரே வழக்கமான பயணிகள் சேவை மலேசியாவின் ஃபயர்ஃபிளை. டிசம்பர் 1 அன்று அது சாங்கியிலிருந்து சிலேத்தாருக்கு மாறியிருக்க வேண்டும். சிலேத்தாரில் விமானம் தரையிறங்க வகுத்த வழிகாட்டு முறையால் எல்லைக்கு அப்பால் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும் என்று மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்க, ஃபயர்ஃபிளை சிங்கப்பூருக்கு வருவதையே நிறுத்திக்கொண்டது. இரு நாடுகளும் பேசித் தீர்த்து, 2019 ஏப்ரல் 22 அன்றுதான் முதல் விமானம் வந்தது. ஏறக்குறைய ஐந்து மாதம், பளபளக்கும் முனையத்தில் சாதாரணப் பயணி ஒருவரும் இல்லை. திருச்சியிலும் 2024இல் ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுப் புதிய முனையம் வந்திருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. முனையம் கட்டினால் விமானம் வந்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

திருச்சிக்கு ஒரு பலம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியான் நாட்டு விமான நிறுவனங்கள் எண்ணிக்கை வரம்பில்லாமல் பறக்கலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் அதுவும் ஒன்று. மதுரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று விரும்பினாலும் இரு நாட்டு விமான ஒப்பந்தத்தில் இடமில்லாததால் அங்கே இறங்க முடியாது, இந்திய நிறுவனங்கள்தான் பறக்கலாம். அவர்கள் ஒரு சேவையை நிறுத்தினால் சிங்கப்பூரிலிருந்து மாற்று ஆள் வர வழியே இல்லை. மதுரைக்காரர்கள் கடையில் வந்து புலம்பும்போது எனக்குச் சொல்லப் பதில் இருப்பதில்லை.

கணக்கு புரிகிறது என்பதற்காகக் கோபம் இல்லாமல் போய்விடாது. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவன், கப்பல் பட்டறை வேலை. ஒரு மாலை நேரத்தில் பாதுகாப்புத் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தான். அம்மா இறந்துவிட்டார். “இன்று இரவு திருச்சிக்கு ஒரு சீட் கிடைக்குமா, அண்ணே?” என்றான். அந்தக் கிழமையில் ஓடிக்கொண்டிருந்த இரவு விமானத்தை ஒரு நிறுவனம் அதற்கு முந்தைய மாதம்தான் எடுத்திருந்தது. மற்றதில் இடமில்லை. அது இருந்திருந்தால் நள்ளிரவில் இறங்கி, கார் பிடித்து இரண்டு மணி நேரத்தில் வீட்டு வாசலில் நின்றிருப்பான். சென்னைக்குத்தான் போட்டுக்கொடுத்தேன். அங்கிருந்து சாலையில் நானூறு கிலோமீட்டர் போக வேண்டும். நான் பாஸ்போர்ட் எண்ணை அடித்துக்கொண்டிருக்க, அவன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான்: “நான் வருகிற வரைக்கும் எடுக்க வேண்டாம் மாமா.” இருக்கை நிரம்பும் விகிதத்தில் இந்த மாதிரிப் பயணம் வெறும் ஓர் இருக்கை.

இனி, என்ன செய்யலாம் என்பது. சேவை நிற்கப்போவது முன்கூட்டியே தெரியும், கவனித்தால். தினசரி விமானம் வாரம் மூன்றாகக் குறைந்தால் உஷாராகுங்கள். கவுன்ட்டர் ஆட்கள், பொறியாளர், சாமான் ஏற்றுபவர்கள் என்று ஓர் ஊரில் ஆகும் செலவு விமானங்களோடு சேர்ந்து குறைவதில்லை. ஏழு விமானம் சுமந்த பாரத்தை மூன்று சுமக்கும். பிறகு தேதியைப் பாருங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலகம் முழுக்க விமான அட்டவணை மாறும் நாள்கள். அந்தத் தேதிக்குப் பிந்தைய டிக்கெட்டை மற்ற ஊர்களுக்கெல்லாம் விற்றுக்கொண்டு உங்கள் ஊருக்கு மட்டும் திறக்காமல் வைத்திருந்தால், கல்யாணத்துக்கு வேறு வழி தேட ஆரம்பியுங்கள்.

சென்னை வழியாகவோ கொழும்பு வழியாகவோ போவதென்றால் இரண்டு விமானத்தையும் ஒரே முன்பதிவில் போடச் சொல்லுங்கள். தனித்தனியாக வாங்கினால் ஐம்பது வெள்ளி மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

விமானத்தை ரத்து செய்தால் நஷ்டஈடு தர வேண்டும் என்று ஐரோப்பாவில் இருப்பதுபோன்ற சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஆனால் டிக்கெட் பணம் உங்களுடையது. மின்னஞ்சலில் முதலில் வவுச்சர்தான் நீட்டுவார்கள், பெரிய பொத்தானாக. பணம் திரும்பப் பெறும் வழி அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். உங்கள் ஊருக்குப் போவதையே நிறுத்திவிட்ட நிறுவனத்தின் வவுச்சரை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவீர்கள்?